360 சதுர அடியும் மூன்றரை லட்சமும்: வாசகர் கேள்வி – பதில்

அரசு உதவியோடு வீடு கட்டுவோர் இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்களுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது. அரசு கணக்கு 3.50 லட்சம். கொத்தனாரோ ஆறரை லட்சம் இல்லாமல் வாணம் (அடித்தளப் பள்ளம்) தோண்டாதீர்கள் என்கிறார். யார் சொல்வதை நம்புவது? – வாசகர், கல்லல்

பதில்: இரண்டு கணக்கும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே வீட்டுக்குப் போட்டவை அல்ல. அரசு கணக்கில் உள்ள வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடியை ஓடு போன்ற தீப்பிடிக்காத பொருளால் உங்கள் விருப்பப்படி வேய்ந்துகொள்ளலாம். கொத்தனார் மனதில் இருப்பது அநேகமாகத் தூண் நிறுத்தி, பீம் ஓட்டி, முழுக்க கான்கிரீட் போட்ட வீடு.

3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். வெளியில் பொருளோடு சேர்த்துப் பேசும் ஒப்பந்த விலை 2,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த இடைவெளியை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. முழு ஒப்பந்தத்துக்கு விட்டால் இந்தத் தொகைக்குள் முடியாது. பொருளை நீங்கள் வாங்கி, கூலிக்கு மட்டும் ஆள் வைத்து, மண் வேலையை வீட்டு ஆட்களே பார்த்தால் பற்றாக்குறை வெகுவாகக் குறையும். 100 நாள் வேலைத் திட்டத்தின் 90 மனித நாள் கூலியும், கழிப்பறைக்கான 12,000 ரூபாயும் இந்தத் தொகைக்குள்ளேயே வருகின்றன. மேலே வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

பொருள் கணக்கைப் பாருங்கள். கான்கிரீட் கூரை வரும் பகுதி 20-க்கு 15 அடி, உள்சுவரோடு சுவர் நீளம் மொத்தம் 90 அடி, 9 அங்குலச் சுவர், 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கதவு, சன்னல் கழித்தால் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 780 சதுர அடி. செங்கல் 8,000 வரை போகும். நாலரை அங்குலக் கூரைக்கு 112 கன அடி கான்கிரீட். அதை 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) போட 26 மூட்டை சிமெண்ட், 47 கன அடி எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்), 95 கன அடி முக்கால் அங்குல ஜல்லி வேண்டும். கடைக்கால் கான்கிரீட்டுக்கு 11 மூட்டை, கருங்கல் கட்டுக்கு 25, செங்கல் கட்டுக்கு 22, லிண்டலுக்கும் சன்ஷேடுக்கும் 9, பூச்சுக்கு 18, தரைக்கு 17, கழிப்பறைக்கும் தொட்டிக்கும் 10. ஆக மொத்தம் 138 மூட்டை. கம்பி, கூரைக்கு 235 கிலோவும் லிண்டல் பட்டைக்கு 85 கிலோவுமாக 320 கிலோவில் அடங்கிவிடும்.

இப்போது தூணுக்கு வருவோம். 9 தூண், ஒவ்வொன்றுக்கும் 4-க்கு 4 அடி பாதம், சுற்றிலும் பிளிந்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) என்று போனால், கூரையைத் தொடுவதற்கு முன்பே 275 கன அடி கான்கிரீட் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போய்விடும். அதற்கு மட்டும் 60 மூட்டைக்கு மேல் சிமெண்ட், 450 முதல் 500 கிலோ கம்பி. மொத்த வீட்டுக்கும் போதுமான கம்பியைவிட இது அதிகம். சுவரே பாரம் தாங்கும் ஒரு தள வீட்டுக்கு இது வேண்டியதில்லை. கல்லல், சாக்கோட்டை பக்கம் செம்மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று அடியிலேயே கெட்டியான சரளை தட்டும் இடங்கள் ஏராளம். அப்படித் தட்டினால் 3 அடி வாணம், அரை அடி கான்கிரீட், மேலே படிப்படியாகக் குறுகும் கருங்கல் கட்டு, இவ்வளவு போதும். உங்கள் மனை கண்மாய்க்குள்ளோ ஊரணி தூர்ந்த இடத்திலோ கரிசல் பட்டையிலோ இருந்தால் கதை வேறு. அங்கே ஒன்றியப் பொறியாளரை நேரில் வரவழைத்துக் குழியைக் காட்டாமல் கல் வைக்காதீர்கள்.

“நாளைக்கு மாடி எடுக்கலாமே” என்பார்கள். மாடிக்கு இன்றே முதல் போடுவதால்தான் பல வீடுகள் கீழ்த்தளமே முடியாமல் லிண்டலோடு நிற்கின்றன.

அடுத்த செலவு பேஸ்மட்டம், அதாவது தெருவிலிருந்து தரையை உயர்த்தும் கட்டு. பெரிய வீடுகளின் உயரத் திண்ணையைப் பார்த்துப் பழகிய ஊர். நான்கு அடி ஏற்றாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஓர் அடி கூட்டினால் என்ன ஆகும்? 112 கன அடி கல் கட்டு கூடும். உள்ளே நிரப்ப 300 கன அடி மண் கெட்டித்து நிற்க வேண்டும். அதற்கு 4 யூனிட் கிராவல் கொட்டியாக வேண்டும் (ஒரு யூனிட் 100 கன அடி). தெருமட்டத்துக்கு மேல் 2 அடி போதும். நிரப்பும் மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு முறை நீர் விட்டு இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் விட்டால், இரண்டு மழைக்குள் தரை அமுங்கி ஓடுகள் டொக்கு விழும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்கு பிரதமர் வீட்டுவசதித் திட்டம், எங்களுக்கு கனவு இல்லம். அவர்களுக்குத் தொகை குறைவு என்று வருத்தப்படுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? – வாசகி, நெற்குப்பை அருகே

பதில்: பிரதமரின் கிராமப்புறத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 2016-இல் நிர்ணயித்த தொகை 1.20 லட்சம். அதில் மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. சிமெண்ட் விலையும் கூலியும் எங்கோ போய்விட்டன, அந்த 1.20 லட்சம் மட்டும் அசையவில்லை. கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு முதலில் 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தது; பின்பு அதை 1.20 லட்சமாக்கியது. ஆக 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. இதற்கு மேல் 90 நாள் கூலி, 2025-26 விகிதமான 336 ரூபாயில் 30,240. கழிப்பறைக்கு 12,000. எல்லாம் சேர்ந்து 2,82,240.

உங்கள் பக்கத்து வீட்டாரிடம் ஒன்று சொல்லுங்கள். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடிதான். அந்த அளவோடு நிறுத்தினால் சதுர அடிக்கு 1,049 ரூபாய் விழுகிறது. உங்களுடையதைவிட 77 ரூபாய் அதிகம். உங்கள் அளவுக்கு அவர்களும் கட்ட நினைத்தால்தான் பள்ளம் தெரியும்.

கேள்வி: எங்கள் ஊராட்சி காரைக்குடி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. கனவு இல்லம் கேட்கலாமா? – வாசகர், சங்கராபுரம்

பதில்: கனவு இல்லம் ஊரக வளர்ச்சித் துறையின் திட்டம், ஊராட்சிப் பகுதிக்குத்தான். 2024-இல் மாநகராட்சி ஆன பின் உங்களுக்குரியது நகர்ப்புறத் திட்டம். பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதி 2.0-இல், சொந்த மனையில் தாமே கட்டுவோருக்கு மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், மாநிலப் பங்கும் சேர்ந்து 2.50 லட்சம். வீட்டின் உள்பரப்பு 45 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். சேர்ப்புக்கு முன்பே வேலை உத்தரவு வாங்கியிருந்தால், அதன் நகலோடு ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: சிமெண்டும் கம்பியும் அரசே கொடுத்துத் தொகையில் பிடித்துக்கொள்கிறது. கடையில் நாமே வாங்கினால் லாபமில்லையா? – வாசகி, தேவகோட்டை

பதில்: ஒன்றியத்தில் தருவதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கொள்முதல் விலை சில்லறை விலைக்குக் கீழேதான் இருக்கும். அதைவிட முக்கியம், வீடு பாதியில் இருக்கும்போது சிமெண்ட் மூட்டைக்கு 40 ரூபாய் ஏறினாலும் அந்த ஏற்றம் உங்கள் தலையில் விழாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராத விலை 270 ரூபாய் என்று கொண்டால் மூட்டைக்கு 27 ரூபாய், 138 மூட்டைக்கு 3,726 ரூபாய் மிச்சம். நல்லதுதான். ஆனால் கடைக்காரர் அடிப்படை விலையை 30 ரூபாய் ஏற்றினால் அந்த மிச்சம் கரைந்துபோகும்.

மூட்டையை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். எல்லா மூட்டையையும் ஒரே நாளில் தூக்கி வராதீர்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் ஏறத்தாழ கால்வாசி பலம் இழக்கலாம். ஓலைக் கொட்டகையில் மழைக்காலத்தில் இன்னும் மோசம். அடித்தளத்துக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று பிரித்துக் கேளுங்கள். பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்குங்கள். விரலால் நசுக்கினால் உடையாத கட்டி இருக்கும் மூட்டையைக் கூரைக்குச் சேர்க்காதீர்கள்.

கம்பியை எடை போட்டே வாங்குங்கள். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி, 8 மில்லி என்றால் 4.74 கிலோ, 10 மில்லி 7.4 கிலோ, 12 மில்லி 10.66 கிலோ. இதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பத்து சதவீதம் குறைந்தால் அது 8 மில்லி என்ற பெயரில் வந்த வேறு கம்பி.

எம்-சாண்ட் மட்டும் நீங்களே பார்க்க வேண்டியது. 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது கல்குவாரி வேலைநிறுத்தமும் விலையேற்றமும் வந்தன. அரசு பேசிய பின் யூனிட்டுக்கு 1,000 ரூபாய் குறைத்தார்கள். விலை எப்படி இருந்தாலும் ஏமாற்று அளவில்தான் நடக்கும். லாரி வந்ததும் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுங்கள். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மேலே மாவு மாதிரி தடித்த படிவு நின்றால் அது கிரஷர் தூசி. அதைக் கட்டுக்குப் போட்டால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு ஓடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் செம்புறாங்கல் கிடைக்கிறது. இடித்த பழைய வீடுகளின் ஓடு, நிலை, கதவெல்லாம் காரைக்குடியில் விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வைத்துச் செலவைக் குறைக்கலாமா? தரைக்கு ஆத்தங்குடி ஓடு போட ஆசை. – வாசகர், திருமயம்

பதில்: செம்புறாங்கல் நல்ல யோசனை. வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல். ஒரு தளத்துப் பாரத்தைத் தாங்கும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். அதனால் பேஸ்மட்டம் வரை கருங்கல், அதற்கு மேல் செம்புறாங்கல் என்று வையுங்கள். வெட்டி ஒரு மழைக்காலமாவது வெளியில் கிடந்த கல்லாகக் கேளுங்கள். குத்திப் பார்த்தால் வெள்ளைக் களிமண் பை இருக்கும் கல்லை ஒதுக்குங்கள். மண் சாந்தில் கட்டினால் பொறியாளர் அடுத்த தவணைக்குக் கையெழுத்துப் போடமாட்டார். 1:6 சிமெண்ட் சாந்து கட்டாயம். வெளிப்புறத்தைப் பூசாமல் இணைப்புகளை மட்டும் தீற்றிவிட்டால் பூச்சுச் சிமெண்டில் ஏழெட்டு மூட்டை மிச்சமாகும்.

செங்கல்தான் என்றால், செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு அது. செங்கலில் கால் பங்கு குறையும்: 8,000 என்பது 6,000 ஆகும். ஒரே அளவு சேம்பர் செங்கல் வேண்டும். கோணல்மாணலான நாட்டுச் செங்கலில் முயன்றால் மிச்சமான செங்கலைச் சாந்து தின்றுவிடும்.

பழைய ஓடுகளைக் கான்கிரீட்டுக்குள் வைத்து நிரப்பும் கூரையைப் பலரும் பெரிதாகப் பேசுகிறார்கள். கணக்கு இவ்வளவுதான்: கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 22 கன அடி, அதாவது 5 மூட்டை சிமெண்ட் குறையும். வீட்டுக்குள் வெக்கை குறைவது உண்மையான லாபம். ஆனால் பழக்கமில்லாத சென்ட்ரிங் ஆட்கள் இரண்டு நாள் கூடுதலாக இழுத்தால் மிச்சம் போயிற்று. செய்வதானால் செட்டிநாட்டுச் சின்ன நாட்டு ஓடு வேண்டாம், சீமை ஓடு (மங்களூர் ஓடு) எடுங்கள். முதல் நாளே நனைத்து வையுங்கள். சுவரை ஒட்டிய ஓர் அடிக்கும், தண்ணீர்த் தொட்டி வரும் இடத்துக்கும் ஓடு வைக்காதீர்கள். நாட்டு ஓட்டுக்குச் சரியான இடம் அந்த 60 சதுர அடி முகப்பு. பழைய மரச்சட்டம், நாட்டு ஓடு இரண்டும் அங்கே போகட்டும்.

பழைய தேக்கு நிலையை அளவு எடுத்த பிறகே சுவர் எழுப்புங்கள். சுவர் எழுந்த பின் நிலை தேடினால் உடைப்புக் கூலி கதவின் விலையை எட்டும். ஆத்தங்குடி ஓட்டை இந்தத் தொகைக்குள் அடக்க முடியாது. முன்னறை 80 சதுர அடிக்கு மட்டும் போடுங்கள், மற்றதற்குச் சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரை. கழிப்பறையில் ஆத்தங்குடி ஓடு வேண்டவே வேண்டாம். அமிலம் ஊற்றிக் கழுவினால் நிறம் ஒரே நாளில் போய்விடும்.

கேள்வி: ஒவ்வொரு கட்டமும் முடித்துக் காட்டினால்தான் பணம் வருகிறது. கையில் 60,000 ரூபாய்தான் இருக்கிறது. எப்படித் தொடங்குவது? – வாசகி, அரிமளம்

பதில்: பேஸ்மட்டம், லிண்டல், கூரை, முடிவு என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும் செலவு முதலில், பணம் பிறகு. உங்கள் 60,000 பேஸ்மட்டம் ஏற மட்டும்தான். அதை நிலைக்கதவு முன்பணத்துக்கோ மோட்டாருக்கோ உடைத்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். வாணம் 675 கன அடி. சரளையில் 10, 12 ஆள்நாள் வேலை. அதை வீட்டார் செய்யுங்கள்; மண் நிரப்புவதும் அப்படியே. வாணத்தில் எடுத்த மண் சரளையாக இருந்தால் உள்ளே நிரப்பவே ஆகும், வெளியில் அள்ளிப் போடாதீர்கள்.

தவணை தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்காது, காகிதத்தில் இருக்கும். பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் தலைப்பெழுத்து மாறி இன்னொரு பெயர். வங்கிக் கணக்கு பல மாதம் பயன்படாமல் முடங்கியிருக்கும். ஆதாரோடு இணைத்த கணக்கு வேறொரு வங்கியில் இருக்கும். வாணம் தோண்டும் முன்பே இந்த மூன்றையும் வங்கியிலும் இ-சேவை மையத்திலும் சரிபார்த்துவிடுங்கள். புகைப்படம் எடுக்க வரும் நாளில் அந்தக் கட்டம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் லிண்டல் பாக்கி இருந்தாலும் அடுத்த வருகை எப்போது என்று சொல்ல முடியாது.

ஐப்பசி மழைக்குள் கூரை முடியும்படி நாளை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்ற வாணத்தைச் சேறு வாரிச் சுத்தம் செய்யவே ஒரு மூட்டை சிமெண்டின் விலை போகும்.

கேள்வி: தனித்தனியாக ஆளை அலையவிடாமல் அரசே மொத்தமாகக் கட்டிக்கொடுத்தால் செலவு குறையாதா? – வாசகர், பொன்னமராவதி

பதில்: குறையாது. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகள் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். செலவு 116 கோடி. வீட்டுக்கு 10 லட்சத்துக்குச் சற்று மேல். அடுக்குமாடிக்கு ஆழ அடித்தளம், மாடிப்படி, மின்தூக்கி, தீயணைப்புக் குழாய், பொது நடை எல்லாம் அந்தப் பத்து லட்சத்தில் அடங்கும். நிலம் கிடைக்காத நகரத்தில் வேறு வழியில்லை. கிராமத்தில் உங்களிடம் பட்டா மனை இருக்கிறது. ஒப்பந்ததாரரின் லாபமும் மேற்செலவும் இல்லை. அரசின் செலவுக் கட்டுப்பாட்டில் உண்மையிலேயே பலன் தந்தது பயனாளியைக் கட்டவிடும் இந்த முறைதான். 2015-இல் மூட்டை 190 ரூபாய்க்கு வந்த அம்மா சிமெண்டும், 2021-இல் அரசு சிமெண்ட் நிறுவனமான டான்செம் இறக்கிய வலிமை சிமெண்டும் சந்தை விலைக்கு ஒரு கடிவாளம். அதற்கு மேல் சொல்ல முடியாது.

மொத்தமாகக் கட்டுவதில் இன்னொரு செலவு, ஆள் குடியேறாமல் கிடப்பது. சிங்கம்புணரி அருகே கோட்டை வேங்கைப்பட்டி சமத்துவபுரம் கட்டி முடித்தும் பல ஆண்டு பூட்டிக் கிடந்து, பழுதுபார்த்த பிறகே 2022 ஜூனில் திறக்கப்பட்டது. பூட்டிய வீட்டில் கரையானுக்கு வாடகை கிடையாது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. கூரைக்குப் பயன்படுத்தலாமா? – வாசகர், கண்ணங்குடி

பதில்: கம்பி இருக்கும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-இன் விதி, கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். ஆகவே கடைக்கால் கான்கிரீட்டுக்கு உங்கள் தண்ணீர் ஒத்துவரலாம். கூரைக்கும் லிண்டலுக்கும் சோதிக்காமல் வேண்டாம். உப்பு கம்பியைத் துருவாக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைக் கீழிருந்து தள்ளும். பழைய தொகுப்பு வீடுகளில் கூரை அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவது பெரும்பாலும் இதனாலும், கவர் பிளாக் வைக்காததாலும்தான். கம்பிக்குக் கீழே 20 மில்லி கட்டை வைக்காமல் ஜல்லித் துண்டை வைப்பதை அனுமதிக்காதீர்கள்.

கூரைக்குக் கலக்கும் தண்ணீர் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர். 26 மூட்டைக்கு 700 லிட்டர் போதும். ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்கினால் கலவைக்கு ஆனது போக மீதி பாத்திக்கு வரும். 2 அங்குல உயரத்துக்குப் பாத்தி கட்டி நிரப்ப 1,400 லிட்டர். கலப்பு சிமெண்ட் (சாம்பலோ உலைக் கசடோ கலந்தது) என்றால் 10 நாளாவது அந்தப் பாத்தி வற்றக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை குறைந்ததை மட்டும் ஊற்றுங்கள்.